நோகாத கால்

வலது காலின் சொக்ஸ் மட்டும் நனைந்திருந்தது.

காலையில் கட்டிலில் எழும்பியிருந்ததும் நித்தியானந்தன் அதைக் கண்டார். கண்டார் என்றுதான் சொல்ல வேண்டும், அந்தக் காலுக்கு ஈரமும் சூடும் தெரிந்து ஒரு வருடமாகிறது. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வலது முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் மரக்கட்டை ஆக்கிவிட்டது. போன மாசியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னொரு புண் வந்தால் முழங்காலோடு எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால் இருந்தால் அடுத்த மாதம் விமான நிலையத்துப் பார்சல் கிடங்குக்கு வேலைக்குத் திரும்பலாம், இல்லையென்றால் சாகும்வரை சக்கரக் கதிரைதான்.

நீளப்பிடி போட்ட கண்ணாடியைக் காலுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். தினமும் செய்கிற வேலை அது, நோவு சொல்லாததைக் கண்ணாடிதான் சொல்ல வேண்டும். மிஞ்சியிருந்த மூன்று விரல்களுக்கும் பின்னால், குண்டூசியால் குத்தியதுபோல எட்டுப் பத்துப் புள்ளிகள் அரைவட்டமாக இருந்தன. மருந்து பூசி, புதுச் சொக்ஸ் போட்டார். மனைவி கலாவதியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் கத்தி.

மகாராணியைக் காணாமல் அன்றோடு ஆறு நாள். மகள் தர்மிகா லொக்டவுன் காலத்தில் வாங்கி வளர்த்த மலைப்பாம்பு அது. இப்போது ஏழடி நீளம், கலாவதியின் கைப் பருமன். ஊரில் பாம்பைக் கண்டால் அடிப்பார்கள், நான் பெற்ற மகள் அதற்குப் பெயர் வைத்துச் சோறூட்டுகிறாள் என்று கலாவதி திட்டாத நாளில்லை. பாம்பென்றால் படையும் நடுங்குமாம். நித்தியானந்தன் நடுங்கவில்லை. பயப்பட வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது, பயம்தான் வரவில்லை. விரல்களை எடுத்த நாளிலிருந்து அவருக்குள் எதுவுமே சரியாக வருவதில்லை.

கலாவதி அதிகாலையிலேயே ஷிப்டுக்குப் போய்விட்டாள். தர்மிகா டூட்டிங்குக்கு வேலைக்குக் கிளம்புமுன் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். வீட்டு ஹீட்டிங் முழுவதையும் நிப்பாட்டி, இருக்கும் அறையில் மட்டும் சின்ன ஹீற்றரைப் போட வேண்டும். கதவு ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். பாம்பு சூட்டைத் தேடி வரும். வாசலில் மாவும் தூவிவிட்டாள், வந்தால் தடம் தெரியும் என்று. கலாவதி புட்டுக்கு அவித்து வைத்திருந்த மா அது. அதற்கு இரவு ஒரு கச்சேரி இருக்கும் என்று நினைத்து நித்தியானந்தனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை. சிங்குக்குக் கீழே இருந்த நீலப் பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் பிடித்து, வழக்கம்போல உட்கார்ந்தபடியே கால் கழுவி, சாமிக்கு விளக்கேற்றினார். மதியம் சாப்பிட்டுவிட்டு ஹீற்றருக்குத் தள்ளிக் கதிரையைப் போட்டு, மடியிலிருந்து தரை வரை போர்வையை விரித்து உட்கார்ந்தார்.

ஹவுன்ஸ்லோ வீடுகளுக்கு மேலே இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி அலுமாரியில் கோப்பைகள் மெல்லக் கிலுங்கி அடங்கின, ஹீற்றர் ஒரே சுருதியில் இரைந்தது, குளிர்ந்துபோன மற்ற அறைகளிலிருந்து மழையில் நனைந்த சாக்கின் மணம் போல ஏதோ ஒன்று கதவிடுக்கால் வந்து வந்து போனது. தை மாதத்து வெளிச்சம் மூன்றரைக்கே சாம்பலாகியது. எப்போது கண் மூடியது என்று அவருக்குத் தெரியாது.

முழித்தபோது அறை இருட்டாக இருந்தது. ஹீற்றரின் சிவப்பு மட்டும் தரையில் கிடந்தது.

அந்தச் சிவப்பில் மா தெரிந்தது. நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வழித்துவிட்டதுபோல ஒரு தடம். வளைந்து, வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது.

வெளியே போன தடம் இல்லை.

ஹீற்றரருகே பார்த்தார். இல்லை. சோபாவுக்குக் கீழே. இல்லை. திரைச்சீலை ஆடவில்லை. நனைந்த சாக்கு மணம் இப்போது கிட்ட இருந்தது.

எழும்பப் பார்த்தார். இடது கால் வந்தது. வலது கால் வரவில்லை. அது அப்படித்தான், சில நாள் சொல்வழி கேளாது. திரும்ப உட்கார்ந்தார்.

போன் அடித்தது. தர்மிகா.

“அப்பா, வந்ததோ?”

“தடம் கிடக்கு. ஆளைக் காணேல்ல.”

“அப்ப அறைக்குள்ளதான். பயப்பிடாதேங்கோ, அது மனுசரை ஒண்டும் செய்யாது. எலி மணத்துக்குத்தான் வாய் வைக்கும்.” பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது. “நான் அரை மணித்தியாலத்தில வாறன். சிங்குக்குக் கீழ நீலப் பேசின் இருக்கெல்லோ, அதை எடுத்து வையுங்கோ. மகாராணிக்குக் குடுக்கிற ஐஸ் எலியை அதிலதான் சுடுதண்ணி விட்டு இளக்கிறனான். நேற்றிரவும் ஒண்டு இளக்கி வச்சனான், தொடவே இல்லை.”

நீலப் பேசின்.

இன்றைக்கும் அதில்தான் கால் கழுவினார். நேற்றும். ஒவ்வொரு நாளும்.

ஒரு விமானம் வந்தது. கோப்பைகள் கிலுங்கின. அடங்கின.

போர்வை அசைந்ததா? ஹீற்றர் காற்றாக இருக்கலாம். அவர் போர்வையைத் தூக்கவில்லை. கை அதற்கு வரவில்லை. பக்கத்து மேசையில் கிடந்த நீளப்பிடிக் கண்ணாடியை எடுத்து, பிடியைப் பற்றி, போர்வையின் ஓரத்தால் மெல்ல உள்ளே விட்டார். ஹீற்றர் வெளிச்சம் கூடவே போனது.

முழங்காலுக்குக் கீழே மூன்று சுற்று. இறுக்கமாக. தோல் பளபளத்தது.

சொக்ஸ் தனியாக ஒரு பக்கம் கிடந்தது.

பாதம் இல்லை. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தலை, தாடை இரண்டாகப் பிளந்து, கணுக்கால் வரை விரிந்திருந்தது. இமையில்லாத இரண்டு கண்கள் கண்ணாடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்தன.

ஒன்றும் தெரியவில்லை. சூடில்லை. ஈரமில்லை. பாரம் கூட இல்லை.

“அப்பா? பேசினை எடுத்திட்டியளோ? கால் நோகுதோ?”

“இல்லைப் பிள்ளை,” என்றார். “நோகேல்லை.”

கண்ணாடியில் அந்தத் தாடை ஒரு பக்கம் அசைந்தது. பிறகு மற்றப் பக்கம். கணுக்கால் உள்ளே போனது.