காருக்குள் விசிலடித்தது யார்?

மின்சாரக் கார் வந்தால் கோழிகூட எழுந்து நகராது. நம்பிக்கை இல்லையா? கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்தில் லோகேஸ்வரி வீட்டுத் தெருவுக்கு ஒரு சாயங்காலம் வந்து பாருங்கள். அவள் அப்பா மனோகரன் வேலை முடிந்து தன் வெள்ளைக் காரில் வருவார். பக்கத்து வீட்டுக் கோழிகள் நடுரோட்டில் நிதானமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். கார் பின்னால் வந்து நிற்பதே அவற்றுக்குத் தெரியாது. மனோகரன்தான் இறங்கி, "ஹோய்! ஹோய்!" என்று விரட்ட வேண்டும்.

"பழைய காடி முக்கு திரும்புறப்பவே கோழிங்க பறந்து ஓடும். இப்ப மரியாதையே இல்லலா!" என்பார். காரைக் "காடி" என்பதுதான் அவர்கள் வீட்டுப் பேச்சு.

அவ்வளவு அமைதியான கார். ஆனால் ஹைவேயில் ஏறி வேகமாகப் போனால் மட்டும் உள்ளே யாரோ விசிலடிப்பார்கள்.

"ஊஊஊய்ய்ய்..."

அந்த விசில் கேட்டதும் லோகேஸ்வரியின் தம்பி தினேஷ் முகத்தைச் சுளிப்பான். இரண்டு காதிலிருந்தும் காது கேட்கும் கருவியைப் பிடுங்கி மடியில் போட்டுவிடுவான்.

தினேஷுக்குப் பிறந்ததிலிருந்தே காது சரியாகக் கேட்காது. இந்த வருடம்தான் இரண்டு காதுக்குப் பின்னாலும் நீல நிறத்தில் சின்னக் கருவி மாட்டினார்கள். சனிக்கிழமைதோறும் அலோர் ஸ்டாரில் ஒரு டீச்சரிடம் பேசப் பழகப் போகிறான். "அக்கா" என்று முழுதாகச் சொல்ல இன்னும் வரவில்லை. "க்கா" என்பான்.

"காதுல எப்பவும் மிஷின் இருக்கணும்மா," என்று டீச்சர் அடிக்கடி சொல்வார். "கேக்கக் கேக்கத்தான் பேச்சு வரும். அவன் கழட்டிப் போடுற நேரமெல்லாம் வீணாப் போகுது."

காரில் போகும் நேரம் முழுக்க வீணாகப் போனது. அதில் அதிக வருத்தம் லோகேஸ்வரிக்குத்தான். தம்பிக்காக அவள் ஒரு கதை வைத்திருந்தாள். மேகத்தைக் கடித்துப் பார்க்க, ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ஜெராய் மலை ஏறிய எலியின் கதை. வீட்டில் சொன்னால் தினேஷ் எழுந்து விளையாட ஓடிவிடுவான். கார்தான் சரியான இடம். பெல்ட் போட்டிருக்கும், எங்கும் ஓட முடியாது!

ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் எலி மலையடிவாரத்துக்கு வரும்போது கார் ஹைவேயில் ஏறும். விசில் கேட்கும். கருவி மடிக்குப் போகும். எலி அடிவாரத்திலேயே நின்றுவிடும்.

"பழைய காடியில இந்தச் சத்தம் இல்லையேப்பா?" என்று லோகேஸ்வரி கேட்டாள்.

"இருந்திருக்கும்மா. அந்த இன்ஜின் போட்ட கூச்சல்ல நமக்குக் கேக்கல. இதுல இன்ஜின் சத்தமே இல்லல்ல, அதான் காத்து சத்தம் நல்லாக் கேக்குது."

"காத்து எங்கேருந்து உள்ள வருது?"

"அதெப்படிலா எனக்குத் தெரியும்? நான் ரோட்டைப் பாப்பேனா, காத்தைப் பாப்பேனா?"

அப்பாவுக்குத் தெரியாவிட்டால் என்ன, தேடிப் பார்த்தால் ஆயிற்று. அந்தச் சனிக்கிழமை திரும்பி வரும்போது லோகேஸ்வரி உள்ளங்கையை நக்கிக்கொண்டாள். ஈரக் கையைக் கதவோரமாக மெதுவாக நகர்த்தினாள். கீழே ஒன்றும் இல்லை. நடுவில் ஒன்றும் இல்லை. மேல் மூலைக்குப் போனதும் கை ஜில்லென்றது. நூல் போல மெல்லிய காற்று!

"அப்பா, கண்டுபிடிச்சிட்டேன்! கதவு மூலையில காத்து வருது!"

"முதல்ல கையைக் கழுவு," என்றார் அம்மா நளினி.

*

பீடோங்கில் கார் சாமான் கடை வைத்திருப்பவர் ஷாருல். மனோகரனுக்குப் பழைய சிநேகிதர். வியாழக்கிழமை சாயங்காலம் காரை அவர் கடைக்குக் கொண்டு போனார்கள்.

"கதவைச் சுத்தி இன்னொரு ரப்பர் ஒட்டிடலாம் மனோ. காத்து நுழையாது," என்று ஒரு நீளமான கறுப்பு ரப்பர் சுருளைக் காட்டினார் ஷாருல்.

"வீட்டைச் சுத்தி ரப்பர் மரமா நிக்குது. நான் உங்ககிட்ட வந்து ரப்பர் வாங்குறேன் பாருங்க பாய்!"

"அப்ப மரத்தையே வெட்டிக் கதவுல சொருகிக்க!"

லோகேஸ்வரி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். ஷாருல் ஒரு துணியில் அழுக்கு நீக்கும் மருந்தைத் தொட்டு, கதவின் உள்விளிம்பு முழுக்கத் துடைத்தார். துணியில் அழுக்கு வந்தது. கொஞ்சம் மஞ்சளும் வந்தது. பிறகு ரப்பரின் முதுகிலிருந்த தாளை உரித்து, வளைவில் நெளியாமல் விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார்.

"ஏன் அங்கிள் இப்படித் துடைக்கிறீங்க?"

"தூசி, எண்ணெய் எது இருந்தாலும் பசை பிடிக்காது பாப்பா. ஒட்டின மாதிரி நடிக்கும், அப்புறம் பிரிஞ்சிடும்."

வேலை முடிந்ததும் மனோகரன் பக்கத்து ஊரான குரூண் வரை ஹைவேயில் ஓட்டிப் பார்த்தார். விசில் இல்லை! டயர் உருளும் சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் மழை பெய்வது போலக் கேட்டது.

"சனிக்கிழமை எலி மலை ஏறிடும்," என்றாள் லோகேஸ்வரி.

சனிக்கிழமை வந்தது. எலி அடிவாரத்துக்கு வந்தது. கார் ஹைவேயில் ஏறியது.

"ஊஊஊய்ய்ய்..."

தினேஷ் கருவியைக் கழற்றி மடியில் போட்டான்.

மனோகரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு நாள்கூட நிக்கல! பாய் மட்டமான சாமானை ஒட்டி ஏமாத்திட்டாரு. நாளைக்குக் கடையில வச்சு நாலு பேர் முன்னாடி கேக்கிறேன். இனிமே அவர் கடைப்பக்கம் போனா என்னான்னு கேளு!"

நளினி ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லோகேஸ்வரிக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. வியாழக்கிழமை விசில் இல்லை. சனிக்கிழமை இருக்கிறது. நடுவில் இருப்பது வெள்ளிக்கிழமை மட்டும்தான். அன்றைக்குக் கெடாவில் எல்லாருக்கும் வார விடுமுறை. கார் வீட்டை விட்டு நகரவே இல்லை. நின்ற இடத்தில் நின்ற காருக்கு என்ன ஆகியிருக்கும்?

*

வீட்டுக்கு வந்து இறங்கும்போது, கதைக்காக அவள் வரைந்து வைத்திருந்த எலிப் படம் கார்க் கதவில் மாட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தாள். டர்ரென்று எலியின் வால் கிழிந்தது.

"ஐயோ!" என்றாள். அடுத்த நொடி அவள் முகம் மாறியது.

கதவு தாளைக் கெட்டியாகப் பிடித்ததால்தானே கிழிந்தது? அப்படியென்றால் காற்று வரும் இடத்தில் கெட்டியாகப் பிடிக்காது!

பழைய நாளிதழை நீள நீளமாகக் கிழித்துக்கொண்டாள். ஒரு துண்டைக் கதவில் வைத்துச் சாத்தினாள். இழுத்தாள். வரவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தாள். அங்கேயும் வரவில்லை. தினேஷும் வந்து சேர்ந்துகொண்டான். அவனுக்குக் கதவு சாத்தும் வேலை மிகவும் பிடித்துப்போனது. பலம் கொண்ட மட்டும் தள்ளினான்.

மேல் மூலையில் வைத்த துண்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

லோகேஸ்வரி முக்காலி போட்டு ஏறினாள். மூலையில் இருந்த ரப்பரை நகத்தால் தொட்டாள். நாக்குப் போல அது தொங்கியது. அதன் அடியில், வெள்ளை இரும்பில், மஞ்சளாக ஒரு வட்டம். வட்டத்தின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி.

முகர்ந்து பார்த்தாள். சந்தனம்!

மற்றக் கதவுகளையும் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் அதே மூலையில், ரப்பருக்கு அடியில், சந்தனமும் குங்குமமும்.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது.

வாசலில் அப்பா யாரிடமோ போனில், "பாய் பண்ணின வேலையைக் கேளு..." என்று ஆரம்பித்துக்கொண்டிருந்தார். லோகேஸ்வரி அவரிடம் போகவில்லை. பின்பக்கமாகச் சுற்றி அடுப்படிக்குப் போனாள். நளினி கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார். லோகேஸ்வரி விரலை மட்டும் நீட்டிக் காட்டினாள். விரல் நுனியில் மஞ்சளும் சிவப்பும்.

நளினி அடுப்பை அணைத்தார்.

"அப்பா பாத்துட்டாரா?"

"இல்லம்மா. நான் மட்டும்தான்."

"காடி எடுத்த அன்னிக்குக் கோயில்ல பொட்டு வச்சாங்கல்ல? வெள்ளைப் பெயின்ட்ல மஞ்சக் கறை பிடிச்சிடுச்சுன்னு அப்பா என்னா குதி குதிச்சாரு! இனிமே காடியில பொட்டே வைக்கக்கூடாதுன்னுட்டாரு. அதான் கதவுக்கு உள்பக்கமா, அவர் கண்ணுல படாத இடத்துல வாராவாரம் வச்சேன். இந்த வெள்ளிக்கிழமை பாத்தா, அங்க கறுப்பு ரப்பர். அதுமேல வச்சா நிக்கல, உதிருது. சரின்னு லேசாப் பிரிச்சு, உள்ள வச்சு, அமுக்கி விட்டேன்."

"எல்லாக் கதவுலயுமா?"

"ஹைவேயில லாரியெல்லாம் எப்படிப் போகுது பாத்தியா? புள்ளைங்க உக்கார்ற கதவும்மா அது. வைக்காம எனக்கு மனசு கேக்கல." நளினி முந்தானையால் கையைத் துடைத்தார். "அந்தப் பொட்டால தம்பி மிஷினைக் கழட்டுவான்னு எனக்குத் தெரியாதுலா."

அம்மாவின் கண் கலங்கியது. லோகேஸ்வரி அவசரமாக யோசித்தாள்.

"அம்மா, பெயின்ட்ல வச்சா கறை. ரப்பர்கிட்ட வச்சா பசை ஒட்டாது. கண்ணாடியில வச்சா?"

"கண்ணாடியிலயா?"

"முன் கண்ணாடியில, உள்பக்கம், ஓரமா. கறையே பிடிக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை துடைச்சிட்டு புதுசா வைக்கலாம். முன்னாடி இருந்தா லாரியெல்லாம் சாமிக்கும் நல்லாத் தெரியும்ல?"

நளினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளின் தலையில் கருவாட்டுக் கையாலேயே தட்டினார்.

"ஆனா நாளைக்கு அப்பா ஷாருல் அங்கிளைத் திட்டப் போறாரும்மா," என்றாள் லோகேஸ்வரி. "நான் அப்பாகிட்ட எதுவும் சொல்லல. நீங்க சொல்றீங்களா?"

நளினி வாணலியில் கருவாட்டைத் திருப்பிப் போட்டார். அடுப்பை ஏற்ற மறந்துவிட்டார்.

*

மறுநாள் சாயங்காலம் கடையில் மனோகரன் காரை விட்டு இறங்கும்போதே குரலை உயர்த்தினார்.

"பாய்! சிநேகிதன்னு நம்பி வந்தா இப்படித்தான் செய்வீங்களா?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷாருலின் முகம் வாடியது. கதவைத் திறந்து, தொங்கும் ரப்பரைப் பார்த்தார்.

"நான் நல்லா அமுக்கித்தானே ஒட்டினேன் மனோ..."

"அப்புறம் எப்படிப் பிரியுது? தானாப் பிரியுதா?"

லோகேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். நளினி புடவையைச் சரிசெய்துகொண்டு காரிலிருந்து இறங்கினார்.

"தானாப் பிரியலங்க. நான்தான் பிரிச்சேன்," என்றார். "உள்ள பொட்டு வச்சேன். பாய் மேல ஒரு தப்பும் இல்ல."

மனோகரன் நளினியையும் ரப்பரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஷாருல் ரப்பரைத் தூக்கிப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்தார். "மழையில பிரிஞ்சு பாத்திருக்கேன், வெயில்ல பிரிஞ்சு பாத்திருக்கேன். பொட்டு வச்சுப் பிரிஞ்சு இப்பத்தான் பாக்கிறேன்!"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நளினியும் சிரித்தார். மனோகரன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"பாய், கோவிச்சுக்காதீங்க. சத்தம் போட்டுட்டேன்."

"ஒரு தே தாரிக் டீ வாங்கிக் குடு, மறந்துடுறேன். ஆமா, பொட்டு வச்ச இடத்தை யார் கண்டுபிடிச்சது?"

"லோகாதான்," என்றார் நளினி. "ஆனா என்கிட்ட மட்டும்தான் சொன்னா."

ஷாருல் லோகேஸ்வரியை ஒரு பார்வை பார்த்தார். துடைக்கும் துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "அப்ப இந்தத் தடவை மூலையெல்லாம் நீதான் துடைக்கணும் பாப்பா."

முன் கண்ணாடியின் ஓரத்தில் நளினி பொட்டு வைத்தபோது மனோகரன் தடுக்கவில்லை. "கொஞ்சம் சின்னதா வை, ரோடு தெரியணும்," என்றார், அவ்வளவுதான்.

*

அடுத்த சனிக்கிழமை கார் ஹைவேயில் ஏறியது. எல்லாரும் தினேஷின் கையையே பார்த்தார்கள். கை காதுக்குப் போகவில்லை. அது ஒரு பிஸ்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அடிவாரத்துல நின்ன எலி," என்று லோகேஸ்வரி தம்பியின் பக்கம் குனிந்து தொடங்கினாள், "வாலைத் தோள்ல போட்டுக்கிட்டு மலை ஏற ஆரம்பிச்சிச்சாம்..."

தினேஷ் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எலி ஏறியது. பாறைக்குப் பாறை தாவியது. ஜெராய் மலை ஜன்னலுக்குப் பின்னால் போய், வயல்கள் வந்துவிட்டன. எலி உச்சிக்கே வந்துவிட்டது. மேகம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்!

அப்போது அலோர் ஸ்டார் வந்தது. மனோகரன் ஹைவேயை விட்டு இறங்க சிக்னல் போட்டார்.

டிக், டிக், டிக், டிக்.

தினேஷ் பிஸ்கெட்டை மெல்லுவதை நிறுத்தினான். தலையைச் சாய்த்தான். கண் பெரிதாக விரிந்தது.

"க்கா," என்றான். "டிக் டிக்?"

நளினி சட்டென்று அவன் பக்கம் திரும்பினார். அவ்வளவு சின்னச் சத்தம் அவனுக்குக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"ஆமாண்டா," என்றாள் லோகேஸ்வரி. "டிக் டிக்!"

கார் திரும்பியதும் சத்தம் நின்றது. தினேஷின் முகம் தொங்கிப்போனது. மனோகரன் கண்ணாடியில் அதைப் பார்த்தார். ரவுண்டானாவை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் சிக்னல் போட்டார். இன்னொரு சுற்று. இன்னும் ஒன்று.

"என்னாங்க, டீச்சர் வீடு அந்தப் பக்கம்!" என்றார் நளினி.

"தெரியும் தெரியும்."

"சரி, எலி மேகத்தைக் கடிச்சிச்சா இல்லையா, கேளுடா," என்று லோகேஸ்வரி தம்பியின் தோளைத் தொட்டாள்.

தினேஷ் பிஸ்கெட் ஒட்டிய விரலை அவள் உதட்டின் மேல் வைத்தான்.

"உஷ்! க்கா... டிக் டிக்!"