பெருவிரல் விழுந்த படங்கள்

மூன்றாவது நகரத்திலும் அந்தப் பெருவிரல் இருந்தது.

பயணம் முடிந்து வீடு திரும்பியிருந்த பேனாட், சோபாவில் இருந்தபடி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனில் மறுபடி பார்த்தார். வியன்னாவில் கிறிஸ்மசுக்குப் போடுகிற நத்தார்ச் சந்தை: மின்விளக்குத் தோரணங்கள், பனி பூத்த மரக்கடைகள், நடுவில் சூடான வைன் கோப்பையை இரண்டு கையாலும் அணைத்துச் சிரிக்கிற அவர். இடப்பக்கம், படத்தின் கால்வாசியை மறைத்து, யாரோ கமராவில் வைத்துவிட்ட விரல். ஸ்ட்ராஸ்பூர்க்கில் அது மூலையில் ஒரு பொட்டாகத்தான் இருந்தது. கொலோனில் நகம் தெரிந்தது.

மனைவி அக்னெஸ் எடுத்த படம் எதுவும் பெருவிரல் விழாமல் வந்ததில்லை. மகள் ஜெயனியின் முதல் நன்மைப் படத்தில் சுவாமியாருக்குத் தலையே இல்லை, விரல்தான். ஆனால் அக்னெசை அடக்கம் செய்து ஏழு கிழமை ஆகிறது.

நித்திரையிலேயே போய்விட்டாள் என்றுதான் அவர்கள் குடியிருந்த லாசால் முழுக்கச் சொல்லியிருந்தார். உண்மையில் அவள் விடியப்புறம் அவரைத் தட்டி எழுப்பினாள். "இஞ்சாருங்கோ, நெஞ்சு இறுக்குது. அம்புலன்சுக்கு அடியுங்கோ." ஆஸ்பத்திரி என்றால் பயணம் பாழ். ஒரு வருடமாகக் கனவு கண்ட பயணம். "வாய்வுதான். இஞ்சித் தண்ணி குடியும்" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தார். இஞ்சி வீட்டில் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போகிற ஊரெல்லாம் கோயிலில் அவளுக்காக மெழுகுதிரி ஏற்றுவேன் என்று தன் தேவாலயப் பங்கில் சொல்லிவிட்டுப் போனார். நான்கு நகரம், ஒன்பது கோப்பை வைன். மெழுகுதிரி பூச்சியம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யிலிருந்து ஜெயனி அழைத்தாள்.

"அப்பா, பங்குக் குறூப்பிலை நீங்கள் போட்ட படங்களை இப்பதான் பாத்தன். ஆர் எடுத்தது?"

"பஸ்ஸிலை வந்த ஆரோ."

"அம்மா மாதிரியே விரல் விட்டிருக்கினம்." சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். "பிராக் படத்திலை மோதிரமும் தெரியுது, அப்பா. அம்மான்ரை மாதிரி."

"விசர்க் கதை கதையாதை. பேந்து எடுக்கிறன்" என்று போனை வைத்தார்.

அவர் யாரையும் கேட்கவில்லை. எல்லா ஊரிலும் போனை மதிலில் சாத்தி, பத்து விநாடி வைத்துத் தானேதான் எடுத்தார்.

பிராக்கைத் திறந்தார். அவருடைய ஒரு கண், கோப்பையின் விளிம்பு, மிச்சமெல்லாம் விரல். நகம் நீலம். அன்று விடிந்தபோது போர்வைக்கு வெளியே கிடந்த அதே நீலம்.

பின்னேரம் நாலேகாலுக்கே யன்னல் கறுத்துவிட்டது. கீழே வீதியில் பனி வழிக்கிற வண்டி பின்னுக்கு வந்தபடி கூவிக் கூவி ஓய்ந்தது; ஹீற்றர் டிக் டிக் என்று சூடேறியது; அந்தச் சத்தங்களுக்கு அடியில், குசினிப் பக்கம், சின்ன உரலில் எதையோ மெதுவாக, பொறுமையாக, நேரம் நிறைய இருக்கிற ஒருத்தி இடிப்பதுபோல ஒரு சத்தம். டொக். டொக். மேல்வீட்டுக்காரர் சமைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பிறகு மணம் வந்தது.

இஞ்சி.

இடது கை விறைத்தது. நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றியதுபோல ஓர் இறுக்கம். போனை எடுத்தார். ஒன்பது. ஒன்று. அடுத்த ஒன்று அழுந்தவில்லை. திரைமேல் ஒரு விரல் இருந்தது. அவருடையது அல்ல. உள்ளேயிருந்து.

இடிப்பது நின்றது.

சோபாவின் பக்கத்து மேசையில், பிராக் சந்தையிலிருந்து ஞாபகத்துக்குக் கொண்டுவந்த வைன் கோப்பை. அதை அவர் பயணப் பெட்டியிலிருந்து இன்னும் எடுக்கவே இல்லை. ஆவி பறந்தது.

"இஞ்சாருங்கோ."

காதுக்குள். ஆதரவாக.

"வாய்வுதான்."

போன் சிணுங்கியது. பங்குக் குறூப்பில், அவருடைய இலக்கத்திலிருந்து, புதுப்படம். இதே சோபா. நெஞ்சைப் பிடித்த கை. திறந்த வாய். வாய்க்கு மேலே எல்லாம் பெருவிரல்.

யாரோ ஒரு இதயம் போட்டார்கள். இன்னொருவர், ஆமென்.

படத்தில் விரல் இறங்கத் தொடங்கியது. இங்கே, அவருடைய மேலுதட்டில், இஞ்சிச் சாறு ஈரமாய் ஒட்டிய ஒரு நகம் பட்டது.