பறியில் முளைத்தது

நண்பகல் வெயிலில் ஏரிக்கரைக் குப்பமான தோணிரேவில் வந்து இறங்கிய ஆய்வாளர் அர்ச்சனாவுக்கு, உவர்நீரில் வளரும் பூஞ்சைகளைச் சேகரிப்பது ஒரு நாள் வேலையாகவே தோன்றியது. ஏரி உள்வாங்கியிருந்தது. சேற்றின் அழுகல் நாற்றம் காற்றில்லாமல் அப்படியே நின்றது.

கரையோரக் கம்பத்தில் ஒரு பனையோலைப் பறி தொங்கிற்று. ஏரியில் தவழ்ந்து கையால் இறால் பிடிக்கும் பெண்கள் பல்லால் கவ்விக்கொள்ளும் கூடை அது. பல் பதிந்த விளிம்பில் மட்டும், ஈறு போன்ற வெளிறிய பூஞ்சை தடித்துப் படர்ந்திருந்தது. எவரும் இதுவரை பதிவு செய்யாத இனம் என்பதை அவள் கண்டதும் உணர்ந்தாள்.

“தொடாதீங்க மேடம்,” என்றாள் அங்கே நின்ற ராஜாத்தி. “எங்கம்மா அங்கம்மாளுது. இறால் புடிக்கப் போனவ திரும்பல. பறி மட்டும் மெதந்து வந்துச்சு. ஒடம்பு கெடச்சா ஒண்ணா வெச்சு அடக்கம் பண்ணணும்னு வெச்சிருக்கேன்.”

“பத்திரமா திருப்பித் தந்துடறேன்.”

தர வேண்டும் என்ற எண்ணம் அர்ச்சனாவுக்கு அப்போதே இல்லை.

சென்னை ஆய்வகத்தில் டி.என்.ஏ. வரிசை வந்தது. பூஞ்சை புதிய இனமே. ஆனால், அதன் இழைகளுக்குள் மனித டி.என்.ஏ.வும் இருந்தது. ராஜாத்தியை வரவழைத்து, அவளுடைய கன்னத்தின் உட்புறத்திலிருந்து பஞ்சால் மாதிரி எடுத்தாள். தாய்வழி வரிசை பிசகின்றிப் பொருந்திற்று.

“அப்போ எங்கம்மா இதுலதான் கீறாளா? குடுத்துடுங்க மேடம். பொதைச்சிடறேன்.”

“அரைச்சாச்சு. மிச்சம் இருக்கறதும் வெளிய போகாது.”

ராஜாத்தி அழவில்லை.

“அரைக்கும்போது கத்துச்சா?”

அர்ச்சனா சிரித்தாள்.

கட்டுரையை அனுப்புமுன், பூஞ்சை மாதிரியில் தன்னுடைய டி.என்.ஏ. கலந்துவிடவில்லை என்று நிறுவ, அவள் தன் கன்னத்திலிருந்தும் மாதிரி எடுத்தாள். வேலையில் சேர்ந்தபோது எடுத்த தன் வரிசையோடு ஒப்பிட்டாள்.

பொருந்தவில்லை.

ராஜாத்தியின் வரிசையோடு பொருந்தியது.

மறுபடியும் செய்தாள். அதுவே வந்தது.

அன்று முதல் அவள் உண்ட சோறெல்லாம் ஏரிச் சேறாய் நாறியது. கண்ணாடிமுன் வாயைத் திறந்தாள். ஈறுகளின் மேல் வெள்ளை படர்ந்திருந்தது. கத்தியால் சுரண்டினாள். இரத்தம் வரவில்லை.

உவர்நீர் வந்தது.

எஞ்சியிருந்த பறியைத் தூக்கிக்கொண்டு தோணிரேவுக்கு ஓடினாள்.

“எடுத்துக்கோ. என்னை விட்டுடச் சொல்லு.”

ராஜாத்தி பறியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அர்ச்சனாவின் தாடையைப் பிடித்து, வாயைத் திறந்து, நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா. ஒடம்பு இல்லாம எப்டி அடக்கம் பண்றதுன்னு தவிச்சிக்கினு இருந்தேன்.”

கரைமேட்டில் குழி வெட்டப்பட்டிருந்தது. அடியில் நீர் கசிந்துகொண்டிருந்தது.

அர்ச்சனா திரும்பி ஓட முயன்றாள். முழங்கால்கள் தாமாக மடங்கின. அலறுவதற்கு வாய் திறந்தாள். வெளிவந்தது அவள் குரலன்று. ஒரு முதியவளின் கரகரத்த குரல்.

“ஆழம் பத்தல ராசாத்தி. நாய் தோண்டிடும்.”

ராஜாத்தி மீண்டும் மண்வெட்டியை எடுத்தாள்.