பெருவிரலும் பத்து விநாடியும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை அம்மா காலால்தான் ஆன் செய்வார்.

மரியாதை இல்லாமல் இல்லை. அவர் கை காலியாக இருக்காது, அவ்வளவுதான். ஒரு கையில் நூல்கண்டுகள், இன்னொரு கையில் துணி. மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியைத் தாண்டும்போது வலது கால் பெருவிரலால் பொத்தானை ஒரு அழுத்து அழுத்துவார். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

நின்று பார்த்தும் பிரயோசனம் இல்லை. அது கண் விழிக்க நாலு நிமிடம் ஆகும். காலையில் என் அண்ணனை எழுப்புவதற்கு அது எவ்வளவோ மேல்.

அம்மாவுக்கு எம்பிராய்டரி வேலை. எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. பள்ளிச் சீருடைகளில் சின்னம், தொப்பிகளில் பூ, விளையாட்டுச் சட்டைகளில் எண் என்று எது கேட்டாலும் தைத்துக் கொடுப்பார். கம்ப்யூட்டரில் டிசைனைத் திறந்து அனுப்பினால், பக்கத்தில் இருக்கும் மெஷின் கடகடவென்று தைக்கத் தொடங்கும்.

என்னை வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். காரணம் கேட்காதீர்கள். கேட்டால் அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான், எனக்குக் கோபம் வரும்.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பள்ளியில் கம்ப்யூட்டர் மிஸ் ஒரு படம் வரையும் புரோகிராமைக் காட்டியிருந்தார். அதில் நாம் வரைகிற யானை நடக்கும், மீன் நீந்தும். அதை வீட்டில் போட்டுப் பார்த்தேன். "உங்கள் இயங்குதளம் மிகவும் பழையது" என்று ஒரு பெட்டி வந்து என் மூக்கை உடைத்தது.

இயங்குதளம் என்றால் கம்ப்யூட்டரை எழுப்பி, அதை மேய்த்து வேலை வாங்குகிற பெரிய புரோகிராம். ஆபரேட்டிங் சிஸ்டம் என்று அண்ணன் ஸ்டைலாகச் சொல்வான். விஷயத்தைச் சொன்னதும் மிஸ் ஒரு பென்டிரைவையும் ஒரு தாளையும் கொடுத்தார். பென்டிரைவில் புது இயங்குதளம். எப்படிப் போடுவது என்ற விவரம் தாளில். அந்த வாரம்தான் விடுமுறையும் தொடங்கியது.

"பழசை அழிச்சிட்டுப் புதுசைப் போட்டுடலாம். அரை மணி நேர வேலை," என்றான் அண்ணன்.

"அம்மாவோட எம்பிராய்டரி புரோகிராம் புதுசுல ஓடுமா?" என்றேன்.

அண்ணன் தாளைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். "ஓடாது," என்றான்.

"அப்ப எப்படி அழிக்கிறது? ரெண்டும் இருக்கட்டும். ஒரு வீட்டைத் தடுத்து ரெண்டு குடித்தனம் வைக்கிறதில்லையா, அந்த மாதிரி. இதுலயும் வைக்கலாம்னு மிஸ் சொன்னாங்க."

அம்மாவிடம் கேட்டோம். அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டுக்கொண்டார்.

"நம்ம வீட்டுல அடுப்பு எரியறது இந்தக் கம்ப்யூட்டராலதான். தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"என் வேலை ஒரு நாள் கெட்டாலும் உன் புதுசு வெளியே போயிடும். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்," என்றேன்.

முதலில் அம்மாவின் டிசைன்கள் எல்லாவற்றையும் வேறொரு பென்டிரைவில் பிரதி எடுத்தோம். முன்னூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றாக எண்ணினேன். "எண்ணி முடிக்கிறதுக்குள்ள எனக்கு மீசை வந்துடும்," என்றான் அண்ணன். வரவில்லை. பிறகு இடத்தைப் பிரித்துப் புதியதைப் போட்டோம்.

கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தபோது கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் தெரிந்தன. மேலே புதியது, கீழே பழையது. அம்புக்குறி விசையால் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு மூலையில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கிக்கொண்டே வந்தது. பத்து விநாடிக்குள் யாரும் எதையும் தொடாவிட்டால் மேலே இருப்பது தானாகவே திறந்துவிடும்.

திறந்தது. நீலக் கடல் ஒன்று திரை முழுக்க விரிந்தது. அதுவும் ஒரே நிமிடத்தில். அன்று சாயங்காலம் என் யானை நடந்தது. ஒரு கால் மட்டும் பின்பக்கமாக நடந்தது, ஆனாலும் நடந்தது. நான் அறையைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். அண்ணன்கூடக் கை தட்டினான்.

மறுநாள் காலை முன்னறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"பட்டாணி, இங்க வா. என் கடையைக் காணோம்."

ஓடிப் போனேன். அம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். திரையில் கடல்.

"அது புதுசும்மா. ஆன் பண்ணினதும் பத்து செகண்ட் நின்னு, கீழ இருக்கறதைத் தேர்ந்தெடுக்கணும்," என்று சொல்லிப் பழையதைத் திறந்து கொடுத்தேன்.

"சரி சரி," என்றார் அம்மா.

அடுத்த நாளும் கடல் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. அண்ணன் ஒரு தாளில் "பத்து விநாடி நிற்கவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதித் திரைக்கு மேலே ஒட்டினான். நாலாவது நாள் காலை அந்தத் தாளுக்குக் கீழேயே கடல் அலையடித்தது.

அந்த நாலாவது நாள் சாதாரண நாள் இல்லை. விளையாட்டு சார் வந்து இருபத்திரண்டு சட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கழுகு, அதன் கீழே ஓர் எண். எண் மாற மாற ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு அவர் வந்து வாங்கிக்கொண்டு, பிள்ளைகளோடு நேரே போட்டிக்குப் போகிறார்.

கடலைப் பார்த்ததும் அம்மா மறுபடி அணைத்து ஆன் செய்தார். அதே நேரம் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தால் மறுபடி கடல். மூன்றாவது முறை நானே நின்று பழையதைத் திறந்தேன். அதற்குள் இருபது நிமிடம் வீணாகிவிட்டது.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இந்த ஆர்டர் போனதும் அதை எடுத்துடு, பட்டாணி," என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னறைக்குப் போனேன்.

"அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியலை. நாம என்ன செய்ய முடியும்?" என்றான் அண்ணன்.

"உனக்குத் தெரியுமா, அந்த மெஷின்ல எட்டு நூல் கோக்க? அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லாத," என்றேன். அண்ணன் வாயை மூடிக்கொண்டான். அது அபூர்வமாக நடப்பது.

நான் முன்னறைக்குத் திரும்பி, துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்தேன். மெஷின் ஒரு சட்டையைத் தைக்கும்போது அம்மா அடுத்த சட்டையை வட்டச் சட்டத்தில் மாட்டினார். நடுவில் நூல்பிசிறு வெட்டினார். ஒரு கண்டு தீரும் முன்பே அடுத்ததை எடுத்து வைத்தார். சும்மா நிற்கும் நேரமே இல்லை. இவ்வளவு வருஷமாக, அந்த நாலு நிமிடத்திலும் ஒன்றுகூட வீணாகாமல், எண்ணெய் விடுவதும் நூல் சுற்றுவதுமாகத் தன் காலையை அடுக்கி வைத்திருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா மறக்கவில்லை. நாங்கள்தான் அவரை நிற்கச் சொல்கிறோம். அவருடைய கம்ப்யூட்டரில் அவரையே காத்திருக்கச் சொல்வது என்ன நியாயம்? ஆசைப்பட்டது நான். நான்தானே நிற்க வேண்டும்?

மிஸ் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தை நாங்கள் மனப்பாடமாகவே படித்திருந்தோம். பின்பக்கத்தைத் திருப்பவே இல்லை. அங்கே சின்ன எழுத்தில் இருந்தது: "எது தானாகத் திறக்க வேண்டும்? புதியதன் செட்டிங்ஸில் மாற்றலாம்."

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அம்மா எப்போதும் மெஷினையும் கம்ப்யூட்டரையும் அணைத்துவிடுவார். இரண்டும் சூடாகிவிடுமாம். அதுதான் சமயம். ஆனால் கேட்காமல் கை வைக்க மனசு வரவில்லை.

"அம்மா, நீங்க சாப்பிடுற நேரத்துல நான் கம்ப்யூட்டரைத் தொடலாமா? ஒரே ஒரு இடத்துல மாத்தணும்."

அம்மா சட்டைகளைப் பார்த்தார். ஒன்பது பாக்கி இருந்தன.

"ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா?"

"டிசைன் எல்லாம் பென்டிரைவ்ல இருக்கும்மா. ஆனா ஆகாது. மாத்திட்டு நானே சோதிச்சுப் பார்த்துடறேன்."

அம்மா மெஷினை அணைத்தார். "சீக்கிரம்," என்றார்.

புதியதைத் திறந்தேன். செட்டிங்ஸில் அந்தப் பக்கம் இருந்தது. பழையதை மேலே ஏற்றினேன், புதியதைக் கீழே இறக்கினேன். சேமித்து அணைத்தேன்.

சோதிப்பதென்றால் சரியாகச் சோதிக்க வேண்டும் இல்லையா? இரண்டு கைகளிலும் நூல்கண்டுகளை அள்ளிக்கொண்டேன். மேசையைத் தாண்டும்போது கால் பெருவிரலால் பொத்தானை அழுத்தினேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னறைக்குப் போய் நாலு நிமிடம் சுவரைப் பார்த்து நின்றேன்.

"என்ன ஆச்சு இவளுக்கு?" என்றான் அண்ணன், வாய் நிறையச் சாப்பாட்டோடு.

"நான் இப்ப அம்மா. பேசாத."

திரும்பி வந்தேன். திரையில் அம்மாவின் கடை. கழுகுகூட அங்கேயே இருந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவையும் நூல்கண்டும் கையுமாக நடந்தேன். இந்த முறை அண்ணன் போன் மணி மாதிரி "டிரிங் டிரிங்" என்று கத்தித் தொந்தரவு செய்தான். அப்போதும் அம்மாவின் கடையே திறந்தது. கம்ப்யூட்டரை அணைத்து வைத்தேன்.

அம்மா சாப்பிட்டுவிட்டு வந்தார். கையில் மூன்று சட்டைகள். பெருவிரலால் ஒரு அழுத்து. போனார், எண்ணெய் விட்டார், நூல் சுற்றினார், வந்து உட்கார்ந்தார். அடுத்த எண்ணைத் தட்டினார். மெஷின் கடகடத்தது.

என்ன நடந்தது என்று அவர் கவனிக்கவே இல்லை. எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறெதுவும் இல்லை. நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

கடைசிச் சட்டையின் பிசிறை வெட்டும்போது மணி மூன்று ஐம்பது. கத்தரிக்கோல் பாதியில் நின்றது.

"ஆமா, மதியம் அந்தக் கடல் வரவேயில்லையே?"

"இனிமே வராதும்மா. உங்களோடதுதான் தானா திறக்கும். புதுசு வேணும்னா நான்தான் நின்னு, கீழ இருக்கறதைத் தேர்ந்தெடுக்கணும்."

"அப்ப எடுத்துடலையா?"

"நீங்க எடுக்கச் சொன்னா எடுத்துடறேன்," என்றேன்.

அம்மா பதில் சொல்வதற்குள் விளையாட்டு சார் வந்துவிட்டார். ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அடேயப்பா, கழுகு முறைக்குதே," என்றார். இருபத்திரண்டையும் எண்ணி வாங்கிக்கொண்டு அவர் போனதும், அடுத்தடுத்து வேறு ஆட்கள் வந்தார்கள். எடுப்பதா வேண்டாமா என்பது அப்படியே நின்றுபோயிற்று.

மறுநாள் கடைக்கு விடுமுறை. நான் கண் விழித்தபோது அம்மா பக்கத்தில் இல்லை. முன்னறையில் வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன்.

அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் நூல் இல்லை, துணி இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் அம்மா அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"என்னம்மா பண்றீங்க?"

"ஷ்ஷ். இப்பதான் அந்த ரெண்டு வரி வந்திருக்கு. ஏழு, ஆறு... பேசினா விட்டுப்போயிடும்." அம்மா ஒற்றை விரலை நீட்டி, அம்புக்குறியை அழுத்திக் கீழே இறங்கினார். "நடக்கிற யானைன்னு சொன்னியே, அதைத் தைக்க முடியுமான்னு பார்க்கணும்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன். கடல் விரிந்தது.