ஆர்டிஸ் படுத்த பக்கம்

ஹீட்டர் நின்றுபோனது. தலைக்கு மேலிருந்த விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

விளக்கு பாட்டரியில் எரிவது. ஹீட்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் வெளியே மின்கம்பத்திலிருந்து கரண்ட் வரவேண்டும். இது வெண்டலுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வெளிச்சத்துக்குள் சட்டென்று விழுந்த மௌனம் அவருக்குப் பிடிக்கவில்லை. இயந்திரங்களின் இரைச்சல் மூடி வைத்திருந்த ஓசைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: பைன் மரங்களிலிருந்து கூரைமேல் சொட்டும் பனிநீர், மூடுபனிக்குள் எங்கோ கல்லை அறையும் ஏரி, அதற்கும் அடியில், வீட்டு வண்டியின் பின்கோடிப் படுக்கையறையிலிருந்து, யாரோ மூச்சை இழுத்து, சற்று நிறுத்தி, விடுகிற ஓசை.

ஃபிரிட்ஜ் மறுபடி முனகத் தொடங்கியது. மூச்சு அதற்குள் அமிழ்ந்துபோனது.

மனைவி ஆர்டிஸ் ஆகஸ்டில் இறந்துபோனாள். நுரையீரல். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இருவரும் ஆசையாக வாங்கிய வீட்டு வண்டி இது; சுப்பீரியர் ஏரிக்கரையில் ஓர் இலையுதிர்காலம் என்று பேசிப் பேசியே நாள் போனது. கடைசி வாரங்களில் அவள் வீட்டுக்குள் படுக்க மறுத்து, வாசலில் நின்ற இந்த வண்டியில்தான் படுத்திருந்தாள். ஜன்னலில் சாலை தெரிந்தால் போய்க்கொண்டிருப்பது போலிருக்கும் என்பாள். மெத்தையின் இடப்பக்கம் அவள் உடம்பின் பள்ளம் அப்படியே இருந்தது. வெண்டல் விரிப்பை மாற்றவில்லை. இந்த ஏரிக்கரை முகாமுக்குத் தனியாக ஓட்டி வந்த பிறகும் சோபாவில்தான் தூங்கினார்.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் கோனி மதியமே மீட்டரோடு வந்து கம்பத்தைச் சோதித்தாள்.

"கம்பத்துல ஒரு குறையும் இல்ல வெண்டல். உங்க கேபிளும் நல்லாத்தான் இருக்கு. கோளாறு வண்டிக்குள்ளதான்."

"உள்ள எல்லாம் பாத்துட்டேன்."

"சேஞ்ச்ஓவர் பெட்டிய? வெளிக் கரண்டா ஜெனரேட்டரான்னு மாத்திவிடுமே, அது. இந்த மாதிரி வண்டில கட்டிலுக்கடியில இருக்கும்."

வெண்டல் படுக்கையறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன், அங்க கரடி ஏதும் வளக்குறீங்களா?"

"அது ஆர்டிஸ் பக்கம்."

கோனியின் சிரிப்பு நின்றது. "நான் வேணா தூக்கிப் பாக்கட்டுமா?"

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

"இன்னைக்கே பாருங்க. ஸ்க்ரூ லூசா இருந்தா பொறி பறக்கும். தூக்கத்துலயே வெந்துபோயிருவீங்க. முடிச்சிட்டு ஆபீசுக்கு வாங்க, பீன்ஸும் கறியும் போட்டு சில்லி வச்சிருக்கேன். தனியாத் தின்னு தின்னு எனக்கும் அலுத்துப்போச்சு."

சாயங்காலம், பனி ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைத் துணிபோல் ஒட்டியபோது, வெண்டல் கம்பத்து சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கையறைக்குள் நுழைந்தார். வியர்வையும் இருமல் தைலமும் கலந்த வாசனை. மூச்சு அங்கேதான் இருந்தது. பள்ளத்தைப் பார்க்காமல் கட்டில் பலகையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு முட்டுக்கம்பிகள் அதை மெத்தையோடு ஏந்தி நிறுத்தின. அடியில் ஆள் படுக்கும் அளவுக்குக் காலியிடம். மூலையில் அந்தப் பெட்டி. மூடியைக் கழற்றினார். ஒரு கம்பியின் உறை பழுப்பேறிக் கருகியிருந்தது. அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூ விரலுக்கே ஆடியது.

முறுக்கினார். கடைசித் திருகலில், அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அந்த மூச்சு நின்றது.

பலகையை இறக்கிவிட்டுப் போய் சுவிட்சைப் போட்டார். ஹீட்டர் இரைந்தது. ஃபிரிட்ஜ் முனகியது. இருட்டும்வரை எதுவும் நிற்கவில்லை. அவர் காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறோம் என்பது மெல்லப் புரிந்தது. வெளியே போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பனிநீர். ஏரி. வேறொன்றும் இல்லை. ஆகஸ்டில் முகத்தைத் துணியால் மூடியபோதுகூட அவள் இப்படிப் போய்விடவில்லை.

மறுபடி சுவிட்சைப் போட்டார். மரங்களுக்கு அப்பால் கோனியின் ஜன்னல் மஞ்சளாகத் தெரிந்தது. நடந்தால் கொஞ்ச தூரம்தான். வெண்டல் அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு உள்ளே வந்து, கட்டிலைத் தூக்கி, தலையையும் தோளையும் அடியில் நுழைத்தார். கரண்டை அணைக்கவில்லை.

ஸ்க்ரூவைத் தளர்த்தினார்.

நீலப் பொறி. ஹீட்டர் நின்றது.

"ஆர்டிஸ்?"

மூச்சு வந்தது. மேலிருந்து.

பலகை இறங்கத் தொடங்கியது. தானாக இறங்காது அது. மேலே யாராவது படுத்தால்தான் இறங்கும். இடப்பக்கம் முதலில் சாய்ந்தது. மெதுவாக. நோயாளி படுப்பதுபோல. வெளியே உருண்டுவிட நேரம் இருந்தது. வெண்டல் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பலகை மூடியது.

இருட்டு. நெற்றிக்கு மேல் ஒட்டுப்பலகை. அதில் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது.

"நான் இங்கதான் இருக்கேன்மா."

மேலே மூச்சை இழுக்கும் ஓசை. நிறுத்தவில்லை. விடவில்லை. இழுத்தது. இன்னும் இழுத்தது. ஆர்டிஸுக்கு அவ்வளவு நுரையீரல் கிடையாது.

பெட்டிக்குள் ஏதோ சடசடத்தது. கருகும் வாசனை. கம்பியின் நுனி சிவந்தது. அந்தச் சிவப்பில் அவர் புகையைப் பார்த்தார். அது பரவவில்லை. ஒரு நூல்போல நேராக எழுந்து, அவர் முகத்தைத் தாண்டி, பலகையின் ஒரு விரிசலுக்குள் நுழைந்து, மேலே போய்க்கொண்டே இருந்தது.