உதிர்ந்தவை

சோப்பில் ஒரு முடி ஒட்டியிருந்தது.

வேலை முடிந்து வந்து முகம் கழுவப் போனவள், குழாயைத் திறந்துவிட்டபடியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குட்டையான, தடித்த, சுருண்ட முடி. அவளுடையது நீளம், மெலிசு. புருஷன் வீட்டைவிட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. விவாகரத்துத் தீர்ப்பு வந்து இரண்டு மாதம். சோப்பு போன வாரம்தான் பிரித்தது.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவள் அவள். யார் யாருடைய சளியையோ மலத்தையோ கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுவாள். அந்த ஒற்றை முடிக்குக் குமட்டியது. சுரண்டி எடுத்தால், விரலில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது.

மறுநாள் சோபாவுக்கு அடியில் நகத் துண்டுகள். டிவி பார்த்துக்கொண்டே அவன் கடித்துத் துப்புவதுபோல, பிறை பிறையாக, ஓரம் பிசிறு பிசிறாக. கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் பெருக்கியிருக்கிறாள். குனிந்து ஒன்றைத் தொட்டாள். ஈரமாக இருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"பழசா இருக்கும். இடுக்குல கெடந்தது இப்ப விழுந்திருக்கும்."

"ஈரமா இருக்குக்கா."

"நீ ஒழுங்கா தூங்குறியா, சாப்பிடுறியா?" அக்கா பெருமூச்சு விட்டாள். "அந்த ஆளைத்தான் தலைமுழுகிட்டியே, அவன் படுத்த மெத்தை மட்டும் எதுக்கு? ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் தூக்கிப் போடு. மனசும் லேசாகும்."

ஞாயிறு காலையிலேயே ஆரம்பித்தாள். சன்னல்களையெல்லாம் திறந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மெத்தையைப் புரட்டியபோது, அவன் படுத்த பக்கத்திலிருந்து சாம்பல் நிறத்தில் மாவுபோல ஏதோ கொட்டிக்கொண்டே இருந்தது. தோல் துகள், பொடுகு, ஏழு வருஷ வியர்வை ஊறிக் காய்ந்த பஞ்சு, எல்லாம் சேர்ந்து புளித்த ஒரு வாடை, துணியையும் தாண்டி நாக்கின் அடிவரை இறங்கியது. பெருக்கப் பெருக்க வந்தது. இரண்டு கறுப்புப் பைகள் நிறைந்தன.

கடைசியாக அவன் தலையணை. நடுவில் மஞ்சளாக எண்ணெய்க் கறை. பையில் திணிக்கப் போனவள், ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, மூக்குத் துணியை இறக்கிவிட்டு அந்தக் கறையில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள்.

"கொஞ்சமாவது என்கூட இருங்களேன்," என்றாள். தேம்பித் தேம்பி அழுதாள்.

அப்புறம் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வாயைக் கொப்பளித்துத் துப்பினாள், மூன்று தடவை. பைகளைக் கட்டி, மெத்தையையும் இழுத்துக்கொண்டுபோய்க் கீழே குப்பைத் தொட்டியருகே போட்டுவிட்டு வந்து, ஹாலில் போர்வையை விரித்துப் படுத்தாள். பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

திங்கள் சாயங்காலம் குளியலறையில் தண்ணீர் வடியாமல் தேங்கி நின்றது. கம்பியை வளைத்துத் துளைக்குள் விட்டு இழுத்தாள். முடி. சோப்புக் கசடும் வழுவழுப்பும் பூசி, கயிறாக முறுக்கிய முடி. இழுக்க இழுக்க வந்தது. முழ நீளம். ஆள் நீளம். கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

சட்டென்று இறுகியது.

உள்ளிருந்து இழுத்தது. மெதுவாக.

கம்பியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஹால். போன். ஏழு மாதமாகக் கூப்பிடாத எண்.

"சொல்லு," என்றான் அவன். குரல் தேய்ந்திருந்தது.

"நீங்க இங்க வந்தீங்களா? இன்னொரு சாவி வச்சிருக்கீங்களா?"

"நான் எங்க வர்றது. படுக்கையை விட்டே எழுந்திரிக்க முடியல." இருமினான். "அஞ்சாறு நாளாச்சு. முடியெல்லாம் கொட்டிப் போச்சு. நகமும் போச்சு. நேத்துலேருந்து தோல் உரியுது, பாளம் பாளமா. டாக்டருக்கே என்னன்னு தெரியல. நீ எப்படி இருக்கே?"

படுக்கையறையில் கட்டில் முனகியது.

கதவு பாதி திறந்திருந்தது. சன்னல் வழியாக வெயில் இன்னும் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

மெத்தையில்லாத பலகைமேல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. சுவரைப் பார்த்து. அவன் தோள். அவன் பிடரி. தோல் துண்டு துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, ஈரம் காயாமல் மினுங்கியது. இடையிடையே முடி. மூச்சு விட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் துண்டுகளின் விளிம்புகள் விலகின. மூடின.

"லைன்ல இருக்கியா?" என்றது போன்.

அந்தக் குரலுக்கு அது அசைந்தது. பலகையோடு ஒட்டியிருந்த பக்கம் பிசுபிசுவென்று பிரிய, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரோரம் நகர்ந்தது.

அவள் படுக்க இடம் விட்டு.