நண்டுத்தீவில் நீல வத்தை

நான் பயந்திருக்கிறேன் என்று தெரிந்தால் இந்த மனிதர் மாவுக்கட்டோடு எழுந்து வந்துவிடுவார். முகத்தைத் திருப்பிக்கொள், ஜெனோவா. செருப்பைத் தேடு.

ஜெனோவா செருப்பைத் தேடினாள். கட்டிலில் கிடந்த இன்னாசி தன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். போன வாரத்துக் காற்றில் நங்கூரக் கயிறு அறுந்து அவர்களுடைய வத்தை கடலோடு போய்விட்டது. அதைப் பிடிக்க ஓடியபோதுதான் பாறையில் வழுக்கி அவன் கால் முறிந்தது. சின்னப் படகுதான், ஆனால் வீட்டில் உலை கொதிப்பது அதனால்தான். நண்டுவலைக்காரர் ஒருவர், நண்டுத்தீவின் அலையாத்தி மரங்களுக்குள் நீலமாக ஏதோ செருகிக் கிடந்ததாக நேற்றுச் சொன்னார். ஆளில்லாத தீவு. வேறு யாராவது முந்திக்கொண்டால் இஞ்சின் மிஞ்சாது.

புறப்பட்டது மூன்று பேர். ஜெனோவா, இன்னாசியின் தங்கை தைனேஸ், அவர்களோடு கடல்பாசி எடுக்கும் பாண்டியம்மா. படகும் பாண்டியம்மாவுடையதுதான். கரையில் டீக்கடைக்காரியிடம் ஜெனோவா எல்லாவற்றையும் சொன்னாள்: எந்தத் தீவு, எந்தப் பக்கம், வெயில் தாழ்ந்தும் வரவில்லை என்றால் யாரை அனுப்ப வேண்டும். தைனேஸ் சிரித்தாள். ஊரைக் கூட்டி விடைபெறுகிறாயே மைனி, கப்பலேறிச் சிங்கப்பூருக்கா போகிறோம் என்றாள்.

"சொல்லாமப் போனா, தேடி வாறவங்க எந்தப் பக்கம்டி தேடுவாக?" என்றாள் ஜெனோவா.

படகு அலையில் ஏறி இறங்கியது. தைனேஸ் திடீரென்று மைனியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். ஜெனோவா கையைச் சட்டென்று அவளுடைய பெருவிரல் பக்கமாகத் திருப்பி, முழங்கையை மடக்கி உருவிக்கொண்டாள். கோயில் மண்டபத்தில் ஒரு பெண் காவலர் வந்து கற்றுக்கொடுத்தது இது. பிடியில் பலவீனமான இடம் பெருவிரல்தான் என்றார். அன்று எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனாலும் பாசி காய வைக்கும்போதெல்லாம் விளையாட்டாகப் பழகினார்கள். கட்டிலில் கிடந்தபடி இன்னாசியும் கையைக் கொடுத்தான். மனைவியிடம் தோற்பதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

தீவு வந்தது. அங்கேதான் தவறு நடந்தது.

பாசி எடுக்கும் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி கை வைத்த இடத்தில் இன்னொருத்தி கை வைக்க மாட்டாள். இறங்கியதும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிடுவார்கள். அது ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை. தீவில் கால் பட்டதும் மூவரும் ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே பிரிந்தார்கள். யாரும் யோசிக்கவில்லை. கால்கள் தாமாகவே போயின.

சேறு முழங்கால்வரை இழுத்தது. வேர்களைப் பிடித்துப் பிடித்து ஜெனோவா ஓடைக்குள் நுழைந்தாள். ஒரு வளைவு. இன்னொரு வளைவு. அதோ, நீலம்! வத்தை சாய்ந்து கிடந்தது, ஓட்டை உடைசல் இல்லாமல். ஓடிப்போய் அதன் விளிம்பைத் தொட்டாள்.

மறுபக்கத்திலிருந்து ஒருவன் எழுந்தான். கையில் ஸ்பேனர். இஞ்சின் பாதி கழன்றிருந்தது.

அவன் சிரித்தான். "தனியாவா வந்த?"

கேட்டதற்கு உண்மையைச் சொல்லியே வளர்ந்தவள் அவள். அந்த ஓடைக்குள் அவள் தனிதான்; ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். ஆட்கள் பின்னால் வருகிறார்கள் என்றாள். அவன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். யாருமில்லை. ஸ்பேனரைப் போட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

உடம்பு கல்லாகிவிட்டது. பழகியதெல்லாம் எங்கே போயிற்று? இது தைனேஸின் கை இல்லையே, இதில் சிரிப்பு இல்லையே என்று மட்டும்தான் மனம் சொன்னது. பிறகு கை தானாகத் திரும்பியது. பெருவிரல் பக்கம். முழங்கை மடங்கியது. பிடி விட்டது.

வயிற்றிலிருந்து ஒரு கத்தல் எழுந்தது. தன்னிடம் இப்படி ஒரு குரல் இருந்ததை அவள் அறிந்திருக்கவில்லை. கத்திக்கொண்டே பின்வாங்கினாள். வத்தையை இவனிடம் விட்டுவிட்டுப் போவதா? நெஞ்சு கிழிந்தது. பொருள் போனால் போகட்டும், ஆள் வீடு வந்து சேரட்டும் என்று அந்தக் காவலர் சொன்னதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெனோவா வத்தைக்கு முதுகைக் காட்டி ஓடினாள். மரங்களைத் தாண்டி, வெளிச்சமான மணலை நோக்கி.

எதிரே துடுப்பைத் தூக்கிக்கொண்டு பாண்டியம்மா ஓடிவந்தாள். பக்கவாட்டிலிருந்து தைனேஸ். மூவரும் தோளோடு தோள் நின்றார்கள். காட்டுக்குள் போகவில்லை. திறந்த மணலில் நின்றபடியே கத்தினார்கள். "எவன்டா அது? வெளிய வாடா, மூஞ்சியப் பாப்போம்" என்ற பாண்டியம்மாவின் குரலுக்குக் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

சற்று நேரத்தில் ஓடையின் மறுவாயிலிருந்து ஒரு தெர்மாகோல் மிதவை வெளியேறியது. அவன் திரும்பிப் பார்க்காமல் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தான்.

அவன் புள்ளியாகும்வரை நின்றுவிட்டு, மூவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். அவன் போட்டுவிட்டுப் போன ஸ்பேனரால் கழன்ற இஞ்சினை இறுக்கினார்கள். தண்ணீர் ஏறியதும் தள்ளினார்கள். வத்தை ஒரு குலுக்கலோடு மிதந்தது! வத்தையைப் படகின் பின்னால் கட்டித் திரும்பும் வழியில் பாண்டியம்மா ஜெனோவாவின் கையைத் தன் மடியில் வைத்துச் சிவந்த இடத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். புது இடத்தில் இனி ஒருத்தி கண்ணில் ஒருத்தி படாமல் நடப்பதில்லை என்று பேசிக்கொண்டார்கள். தைனேஸ்கூட அப்போது சிரிக்கவில்லை.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. நீல வத்தையைப் பார்த்ததும் விசில் பறந்தது. டீக்கடைக்காரி காசு வாங்காமல் டீ கொடுத்தாள்.

வீட்டில் இன்னாசி முழுக்கதையையும் கேட்டான். வத்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் மணிக்கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மெதுவாகச் சொன்னான்.

"காலையில ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போவீங்கள்ல. தைனேஸ் மாப்பிள்ளையும் கூட வந்தாருன்னு சொல்லிரு புள்ள. ஆம்பளத் துணை இல்லாமப் போனீங்கன்னு தெரிஞ்சா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. உன்னைய யாரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாது."

அவன் குரலில் இருந்தது முழுக்கப் பாசம். அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஜெனோவா அவன் காலைத் தூக்கித் தலையணையில் சரியாக வைத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள்.

"வேண்டாங்க" என்றாள். "மூணு பொம்பளைங்க போனோம். அப்படியே சொல்றேன்."